நாலு பிள்ளை வளர்த்த தாத்தா

திண்டுக்கல்லில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை யாரிடமாவது, “பேரனை ஒரு ராத்திரி நீங்க வச்சுக்குவீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார்: “நாலு பிள்ளை வளத்தவன்கிட்ட இதெல்லாம் ஒரு கேள்வியா?” அந்த நேரத்தில் அவருடைய மனைவியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

நாலு பிள்ளை பிறந்தது உண்மை. வளர்ந்ததும் உண்மை. அவர்கள் வளர்ந்த ராத்திரிகளில் இவர் எங்கே இருந்தார் என்பதுதான் சங்கதி.

இந்த ஊர்ப் பக்கத்து ஆண்களுக்கு ராத்திரியில் வீட்டில் இருக்கும் பழக்கம் ரொம்பப் பிந்தி வந்தது. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போனவருக்கு மூன்றாம் ஷிப்ட். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவருக்கு, கேரளா லாரிக்கு லோடு ஏறி முடிகிற வரைக்கும் வீடு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. பூ யாவாரி கோழி கூவுமுன் கிளம்ப வேண்டியவர். பிள்ளை சிணுங்கினால், “அங்குட்டுத் தூக்கிட்டுப் போ” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார். நாகல் நகர்ப் பூட்டுப் பட்டறைக்காரர் மட்டும் வீட்டிலேயே இருந்தார். ஆனால் முன்னறையில் இவர் அரம் ராவுகிற சத்தத்தில் பின்னறையில் பிள்ளை அழுவது கேட்டதில்லை. ஆக, பேரனின் முதல் ராத்திரி என்று எல்லாரும் சொல்லிக்கொள்கிறோமே, அது தாத்தாவுக்கும் முதல் ராத்திரிதான். அவருக்கு மட்டும் அது தெரியாது.

இந்த ரகத்தில் எனக்கு நாலைந்து பேரைத் தெரியும். எல்லாரையும் ஒட்டிச் சேர்த்து ஒரே ஆளாக இங்கே நிறுத்துகிறேன். அந்தந்த வீட்டு அம்மாச்சிகள் என்னை மன்னிப்பார்கள். தாத்தாக்கள் இதைப் படித்தாலும் அடுத்த தெருக்காரர் என்றுதான் நினைப்பார்கள்.

நம் ஆள் பட்டறைக்காரர். மகள் மதுரையில். மருமகன் வகையில் பழனியில் ஒரு கல்யாணம். சாயங்காலம் வரவேற்பு, விடிகாலை முகூர்த்தம். நாலு வயசுப் பையனை அந்தக் கூட்டத்தில் அலைக்கழிப்பானேன் என்று திண்டுக்கல்லில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். மகள் போவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புகிறாள். காரம் கூடாது. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் படுக்கை. சாயங்காலம் தூங்க விடக்கூடாது. பால் இளஞ்சூடாக. தூங்கும்போது கையில் அந்தச் சுங்குடித் துணி இருக்க வேண்டும், இல்லையென்றால் தூங்கமாட்டான். தாத்தா எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அந்தப் பட்டியலுக்கும் அவருக்கும் இருந்த உறவு அத்தோடு முடிந்தது.

சுங்குடித் துணி என்பது, மகளுக்குத் தலைப் பிரசவத்தின்போது அம்மாச்சி சின்னாளபட்டியில் வாங்கிக் கொடுத்த சேலையின் கிழிந்த முந்தானை. புள்ளி எல்லாம் வெளுத்துப்போய், எதன் நிறமும் இல்லாத ஒரு நிறத்தில் இருக்கும். அதைப் பையன் மூக்கில் வைத்துக்கொண்டால்தான் கண் மூடும்.

தாத்தாவிடம் திட்டம் இருந்தது. “பிள்ளைய நல்லா ஓடவிட்டா தன்னால தூங்குவான்.” நாலு மணிக்கு மலைக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் படி வரைக்கும் பேரன் முன்னால் ஓட, தாத்தா பின்னால் வரலாறு சொல்லிக்கொண்டு ஏறினார். மீதிப் பாதிக்கு வரலாறும் நின்றுபோய் மூச்சு மட்டும் வந்தது. “1605ல முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரு கட்ட ஆரம்பிச்சாரு. 1755ல ஹைதர் அலி இங்கதான் பவுஜ்தாரா வந்தாரு. மைசூர ஆளுறதுக்கு முன்னாடி நம்மூர்லதான் அவருக்கு உத்தியோகம், தெரிஞ்சுக்க.” பேரன் பீரங்கி மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “இங்க பாத்ரூம் எங்க தாத்தா?”

இறங்கும்போது பேரனுக்குக் கால் வலித்தது. தோளில் தூக்கினார். ஐந்தே கால் மணிக்கு, அபிராமி அம்மன் கோயில் பக்கம் வருவதற்குள், பையன் தோளிலேயே தூங்கிவிட்டான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தாத்தா வாயைத் திறக்காமல் கண்ணாலேயே பெருமை பேசிக்கொண்டு வந்தார்: பாத்தீங்களா, நம்ம கை பட்டவுடன் தூங்கிட்டான். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை. அந்தித் தூக்கம் தூங்கின பிள்ளை கந்துவட்டிக்காரன் மாதிரி. ராத்திரி வட்டியும் முதலுமாக வாங்காமல் விடமாட்டான்.

அம்மாச்சி வாசலில் பார்த்தார். “அந்திக்குத் தூங்க விடாதீகன்னு பிள்ள எழுதியிருந்தாள்ல?”

“தூங்குற பிள்ளைய எழுப்புறது பாவம்டி.”

“சரி, நாலு பிள்ள வளத்தவுக சொன்னாச் சரிதான்” என்று அம்மாச்சி அடுப்படிக்குப் போய்விட்டார். இந்த ராத்திரி பூராவும் குறுக்கே வருவதில்லை என்று அப்போதே தீர்மானம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஏழரைக்கு எழுந்த பையன் புதுசாகக் காலையில் எழுந்தவன் போல இருந்தான். தாத்தா கடைக்குப் போய்ப் பொட்டலத்தோடு வந்தார். காரம் கூடாது என்று மகள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் திண்டுக்கல்லில் பிறந்த ரத்தத்துக்குப் பிரியாணி காரம் ஆகாது என்பது அவருடைய மருத்துவம். நாகசாமி நாயுடு 1957ல் தலைப்பாக்கட்டோடு கடை போட்ட காலத்திலிருந்து இந்த ஊரில் எல்லா நல்லது கெட்டதுக்கும் சீரகச் சம்பாவிலேயே பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். பேரன் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றான். பிறகு ஒரு சிறுமலைப் பழம். பிறகு அம்மாச்சி ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்த தயிர்ச்சோறு. பிரியாணியைத் தாத்தாவே முடித்தார், வீணாகக் கூடாது என்று.

எட்டரைக்குப் படுக்கை என்றிருந்ததே, அந்த நேரத்தில்தான் தாத்தா பூட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். பட்டறையை மூடிப் பல வருஷம் ஆனாலும் பூட்டுகள் போகவில்லை. அவருக்குப் பேரனைவிடப் பொறுமையாகக் கேட்கிற ஆள் கிடைத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “அலிகார்ல மிசின்ல அடிச்சு விக்கிறான் பாரு, அதெல்லாம் பூட்டா? நம்மூருது கையால ராவுனது. 2019ல புவிசார் குறியீடே குடுத்துட்டான். இதப் பாரு, மாங்காப் பூட்டு. வேற சாவியப் போட்டா சாவியவே பிடிச்சு வச்சுக்கும். திருடன் என்ன, செஞ்சவனே வந்தாலும் சரியான சாவி இல்லாமத் தொறக்க முடியாது.” பேரன் பூட்டைக் கையில் வாங்கினான். அழுத்தினால் ‘டக்’ என்று மூடியது. சாவி போட்டால் ‘டக்’ என்று திறந்தது. இப்படி ஒரு விளையாட்டுச் சாமான் மதுரையில் எந்தக் கடையிலும் இல்லை. பிள்ளை விளையாடுகிறான் என்று தாத்தா ஒன்பது மணிச் செய்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்குப் பையன் சுங்குடித் துணியைக் கேட்டான். துணி மரப்பீரோவில் இருந்தது. பீரோவில் மாங்காய்ப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைக் காணோம்.

“எங்க ராசா வச்ச?”

“ஒளிச்சு வச்சேன்.”

“எங்கனக்குள்ள?”

“மறந்துபோச்சு.”

அப்போது மகளிடமிருந்து போன் வந்தது. தூங்கிவிட்டானா என்று கேட்டாள். “அப்பவே!” என்றார் தாத்தா. பின்னால் அழுகைச் சத்தம் கேட்கிறதே என்றாள். “அது டிவிம்மா, சீரியலு.” வாழ்நாளில் சீரியல் பார்க்காத மனிதர்.

அடுத்த ஒரு மணி நேரம் கொத்துச் சாவியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது சாவி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. அவர் சொன்னபடியேதான் அந்தப் பூட்டு நடந்துகொண்டது. ‘உடைச்சுப் போடுங்க’ என்று சொல்லலாம்தான். அம்மாச்சி சொல்லவும் செய்தார். “இதையா? ஒடைக்கவா? இதுக்கு நான் லீவர் ராவுனதே ஒரு நாள் முழுக்க!” ஒரு பக்கம் பேரன் அழுகிறான், இன்னொரு பக்கம் தன் கைவேலை தோற்காமல் நிற்கிறது. இரண்டில் எதற்குக் கவலைப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் அந்த மனிதர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை, பார்த்தவர்கள் சொன்னபடி, ரொம்பப் பரிதாபம்.

கடைசி ஆயுதமாகக் கதையை எடுத்தார். அவரிடம் இருப்பது ஒரே கதை. மறுபடியும் 1605. மறுபடியும் ஹைதர். வெள்ளைக்காரன் 1790ல் கோட்டையைப் பிடித்த இடத்துக்கு வந்தபோது பையன் அழுகையை நிறுத்திவிட்டு, “கோட்டையப் பூட்டலையா தாத்தா?” என்றான். இதுவரை எந்தச் சரித்திர வாத்தியாரும் கேட்காத கேள்வி. தாத்தா யோசித்துப் பார்த்துவிட்டு, “அப்ப நம்ம பூட்டு இல்ல ராசா, அதான்” என்றார்.

இது கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு மறுபடியும் துணி.

பன்னிரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தண்ணீர்க் கஷ்டத்துக்குப் பயந்து திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் ஒன்று உண்டு என்பார்கள். குழாய் சத்தம் கேட்டால் நடுச்சாமமானாலும் அம்மாச்சிமார்கள் எழுந்துவிடுவார்கள். குடங்களை நிரப்பி முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாச்சி கொடியில் கிடந்த தன் சுங்குடிச் சேலையை உருவினார். கர்டரில் இருந்த பழைய கொக்கியில் மாட்டித் தூளி கட்டினார். பையனைத் தூக்கி உள்ளே போட்டார். நாலு வயசுப் பிள்ளை. முழங்கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வசதி உலகத்தில் இருப்பதே மதுரை அபார்ட்மெண்டில் அவனுக்குத் தெரியாது. நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் சேலை ஓரத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். அப்புறம் சத்தமில்லை.

தாத்தா கொக்கியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். “இது எப்பப் போட்டது?”

“மூத்தவ பொறந்தப்ப. நாலு பேரும் இதுலதான் தூங்குனாக. நீங்க அன்னைக்கும் பட்டறையில இருந்தீக.”

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மாச்சி சொன்னார். பூட்டைப் பற்றி ஏதோ முனகினாராம்.

காலையில் பழைய கூட்டாளி ஒருவர் வந்து பூட்டைத் திறந்தார். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கழிந்த ஒவ்வொரு கால்மணிக்கும் தாத்தாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு வந்த மருமகனை வாசலிலேயே நிறுத்தி, “மாப்ள, ஒன்னேகா மணி நேரம்! தொழில் தெரிஞ்சவனுக்கே ஒன்னேகா மணி நேரம்!” என்றார். மருமகன் எதற்கென்று புரியாமலே வாழ்த்துச் சொன்னார். சாவி கோலப்பொடி டப்பாவில் கிடைத்தது, அது இரண்டு நாள் கழித்து.

மகளுக்கு மெத்தத் திருப்தி. பையன் அழவில்லை, தேடவில்லை, அப்பவே தூங்கிவிட்டான். அதனால், “அப்பா, அடுத்த மாசம் எங்களுக்குச் சென்னையில ஒரு வேலையிருக்கு. ரெண்டு நாள் விட்டுட்டுப் போகவா?” என்று கேட்டாள்.

“தாராளமா விட்டுட்டுப் போ!” என்றார் தாத்தா. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் இறக்கி, “எதுக்கும் உங்கம்மாவுக்கு முடியுமான்னு ஒரு வார்த்த கேட்டுக்க” என்றார்.