கயாக்குக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கடமக்குடிக்குக் கயாக் ஓட்டப் போறியாமே, பறவை பாக்க! விடியுமுன்னே அங்க நிக்கணும்னு கைடு சொல்லிட்டானாமே. நல்லது. ஒன் ஆத்தா தண்ணியத் தெளிச்சு எழுப்பினாலும் எந்திரிக்காத பய, காசு குடுத்ததும் கோழிக்கு முன்னால முழிச்சுக்கிடுதே.

ஓசியில பாக்கணும்னா இந்த மட்டாஞ்சேரியில இருந்து எட்டி நடந்தா ஃபோர்ட்கொச்சி சீனவலை. வலையத் தூக்குறப்ப ரெண்டு பொடிமீன் கிடைக்காதான்னு கொக்கு காத்துக் கெடக்கும். ஹைகோர்ட்டுக்குப் பின்னால மங்களவனம்; மூணு ஹெக்டேர்கூட இல்ல, 2004-லயே பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாச்சு. வக்கீல்மாரு வாதத்துக்குப் பக்கத்துலயே நீர்க்காகமும் வக்காவும் குடித்தனம் பண்ணுது. ஆனா ஓசியில பாத்தா அது வெறும் பறவை. காசு குடுத்துப் பாத்தாத்தானே அது எக்ஸ்பீரியன்ஸ்!

சரி, போறதுதான் போறே, கேட்டுக்கோ. கயாக்குங்கது பனிக்கடல் ஓரத்து ஆளுக சீல் வேட்டைக்குன்னு தோலைப் போர்த்திச் செஞ்ச படகு. சத்தமில்லாம, தண்ணிய ஒட்டித் தாழ உக்காந்து, மிருகத்துக்குத் தெரியாமப் பக்கத்துல போறதுதான் அதோட வித்தை. அம்புட்டு மூளையச் செலவழிச்சு அவன் செஞ்ச படகுல நீ மறக்காம ப்ளூடூத் ஸ்பீக்கரை மாட்டிக்கோ. குத்துப்பாட்டா வை. செந்நாரை நின்னு ரசிக்கும், அடுத்த பஞ்சாயத்துல போய் நின்னு. லைஃப் ஜாக்கெட்டையும் கழட்டிரு, அது இல்லாம ஃபோட்டோ நல்லா வரும். மறுநாள் பேப்பர்லயும் வரும்.

அங்க தண்ணிக்குள்ள நிக்குதே, அது பொக்காளி வயல். உப்பைத் தாங்குற நெல்லு. ஜூன் மழையில போட்டு, ஐப்பசி வாக்குல கதிரை மட்டும் அறுத்துட்டுத் தாளைத் தண்ணியிலயே விட்டுருவாங்க. அது அழுகி, அடுத்து வர்ற இறாலுக்குச் சோறாகும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் அதே வயல் செம்மீன் கெட்டு, அதாவது இறால் வளக்குற எடம். இறாலுக்குத் தாளு, நீர்க்காகத்துக்கு இறாலு, கெட்டுக்காரருக்கு வயித்தெரிச்சல். வேணுங்கிறதை முழுங்கிட்டு, மூங்கில் மேல துவைச்ச வேட்டியக் காயப்போட்ட மாதிரி ரெக்கைய விரிச்சு நிக்கும் பாரு, அதுக்குத்தான் நீ காசு கட்டி வாயப் பொளக்கப் போறே. தீனி போட்ட மனுஷனுக்கு அதுல சல்லிக்காசு கிடையாது. அவரு ஒரு கல்லை எடுத்து விரட்டுனா ஒனக்குக் கோவம் வேற வரும்.

கைடு தம்பிகிட்ட பறவை பேரைக் கேக்குறதுக்கு முந்தித் தண்ணியக் கேளு. வத்துற நேரம் சேறு தெரியும், உள்ளான் எறங்கி மேயும். ரொம்ப வத்திட்டா ஒன் கயாக் சேத்துல உக்காந்துக்கிடும்; அப்புறம் உள்ளான் ஒன்னைய வேடிக்கை பாக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரத்தைக் கணக்குப் பண்ணத்தான் அவனுக்குக் கூலி. அதுல பேரம் பேசாதே.

வேம்பநாட்டுக் காயலை 2002-ல ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க, கோள் வயலையும் சேத்து 1,512 சதுர கிலோமீட்டர். அம்புட்டு எடம் கெடக்கு, நீ மட்டும் பறவை முட்டை மேல ஏறி நின்னாத்தான் செல்ஃபி எடுப்பேங்கே.

ராத்திரி கும்பளங்கிக்கும் ஒரு ட்ரிப் வச்சிருக்கியாமே. 2019-ல அந்த ஊரு பேருலயே ஒரு படம் வந்த பொறவு கவரு பாக்க ஒரே கூட்டம். கோடையில தண்ணியில உப்பு ஏறுறப்ப, கண்ணுக்குத் தெரியாத உயிரு அலம்புனா நீலமா மினுங்கும், அதுதான் கவரு. மழை வந்துட்டா போச்சு. பெரிய டார்ச்சா எடுத்துக்கோ. இருட்டுல மட்டும் தெரியுறதை வெளிச்சம் போட்டுத் தேடுறவன் நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் இல்ல.

இன்னும் ஒண்ணு. தூம்புக்குக் கிட்ட கயாக்கைக் கொண்டு போகாதே. தண்ணி வத்துறப்ப அங்கதான் வலையக் கட்டி இறால் பிடிப்பாங்க. கிழிச்சியோ, கெட்டுக்காரரு வரப்புல நின்னு பேசுவாரு. இந்த ஊரு மலையாளம் பிடிபட எனக்குப் பல வருஷம் ஆச்சு. ஒனக்கு அன்னைக்கு ஒரே நிமிஷத்துல முழுசும் புரிஞ்சுரும்.