மொட்டை மாடிச் சாவி

வா தம்பி, உக்காரு. பங்சார்ல கொண்டோ வாங்கிட்டியாமே! கீழ லாபியில பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, மல்லிகப்பூ வாசம். கோயிலுக்குத்தான் வந்துட்டோம்னு செருப்பக் கழட்டப் போனேன். கார்டு சிரிச்சிட்டான்லா.

இந்த மண்ணு என்ன மண்ணு, தெரியுமா? கித்தாத் தோட்டம். புங்கே, கிரிசார்னு ரெண்டு வெள்ளைக்காரப் பேர ஒட்டித் தோட்டத்துக்கு வச்சானுங்க. அதுதான் தேஞ்சு தேஞ்சு பங்சார் ஆச்சு. நம்ம சனம் பால் வெட்டின எடத்துல, நீ பால் நுரையில பூ வரைஞ்ச காப்பி குடிக்கிற. குடி, குடி.

நான் பொறந்தது வேற தோட்டம். தகரக்கூரை லயம். தொரை வர்ற அன்னிக்கு வாசலெல்லாம் பளபளக்கும். அது மண்டோருக்குப் பயந்து கூட்டுனது. எங்க ஆத்தா கூட்டுறது வேற கணக்கு. மேகம் கறுத்தாப் போதும், வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு நேரா லோங்காங்குக்கு, அதான் சாக்கடைக்குப் போவா. வாசல் பக்கம் திரும்ப மாட்டா. வாசல்ல குப்ப கெடந்தா கண்ணுக்குத்தானே உறுத்தல்? லோங்காங்குல கெடந்தா தண்ணி அடுப்படிக்கு வந்துடுமே!

நேத்து உங்க வாட்சாப் குரூப்புல என்ன சண்ட? லாபியில மல்லி வாசமா, செரைப் புல்லு வாசமான்னு ஓட்டெடுப்பாம்! கூட்டுற அக்கா சட்டையில என்னமோ ‘எக்சிகியூட்டிவ்’னு எழுதியிருக்கு. பேர மாத்தினீங்க சரி, சம்பளம் மாறிச்சா? ஏன் தம்பி மேல பாக்குற? மேல காத்தாடிதான் சுத்துது.

‘சிங்கிங் ஃபண்டு’ன்னு நீ சொன்னப்ப பாட்டுக் கச்சேரிக்கு வசூல்னு நெனச்சேன். அப்புறம்தான் வெளங்குச்சு, லிப்டு மாத்த, பெயிண்டு அடிக்கச் சேத்து வைக்கிற காசு. ஆத்தா அடுக்குப் பானையில முடிஞ்சு வச்சதுதான். 2013 ஸ்ட்ராட்டா சட்டத்துல எழுதியே வச்சிட்டாங்க. மெயின்டனன்ஸ் 100 வெள்ளின்னா இதுக்குத் தனியா 10 வெள்ளி. அதக்கூடக் கட்டாம இழுத்தடிக்கிறவன்தான் நீச்சல்குளம் பச்சையாப் போச்சுன்னு மொதல்ல படம் போடுறான். ஊசி போறதப் பாப்பான், பூசணிக்கா போறதப் பாக்க மாட்டான்.

கொஞ்சம் சிரிப்ப நிறுத்து. ஹைலண்ட் டவர்ஸ் கேள்விப்பட்டிருக்கியா? உலு கிளாங்ல, பன்னெண்டு மாடி, மூணு கட்டடம். அதுவும் பெரிய எடந்தான். 1993 டிசம்பர் 11, நாள் கணக்கா மழ. மத்தியானம் ஒரு கட்டடம் அப்படியே சாஞ்சிடுச்சு. 48 உசுரு. பின்னால குன்று. அங்க ஓடுன ஓடையக் குழாய்க்குள்ள திருப்பிவிட்டிருந்தாங்க. வடிகால் பத்தல. இருந்ததையும் ஒழுங்காப் பாத்துக்கல. தண்ணி எங்க போவும்? மண்ணுக்குள்ள எறங்குச்சு, தடுப்புச் சுவரு சரிஞ்சுது, மண்ணு வந்து கட்டடத்தோட காலத் தள்ளுச்சு. அதுக்கப்புறம்தான் அஞ்சு மாடிக்கு மேல இருக்கிற கட்டடத்துக்குப் பத்து வயசு ஆனா, இஞ்சினியர் வந்து பாக்கணும், பத்து வருஷத்துக்கு ஒருக்கா திரும்பப் பாக்கணும்னு சட்டம் வந்துச்சு.

உன் கட்டடத்துக்கு என்ன வயசு? தெரியாதா? லாபி வெளக்கு இத்தாலியில இருந்து வந்ததுன்னு மட்டும் தெரியுது!

அந்த வெளக்குக்கு நேர் மேல, கூரையில ஒரு மஞ்சக் கறை பாத்தேன். ரொட்டி சானாய் மாதிரி வட்டமா. ‘டிசைன்’ங்கிற. தம்பி, நான் எழுவது வருஷமா ஒழுகுற கூரைக்குக் கீழ சட்டி வச்சவன். மேல எங்கயோ இல அடைச்சிருக்கு. கையால அள்ளிப் போட்டா முடிஞ்சிது. அதுக்குக் கன்சல்டன்டு எதுக்கு?

மானம் இருட்டிக்கிட்டு வருது பாரு. வா, மேல ஏறிப் பாத்துடுவோம். மொட்டை மாடிச் சாவி யாருகிட்ட?

குரூப்புல கேட்டுச் சொல்றியா? கேளு, கேளு. நான் அதுக்குள்ள ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்துடறேன். அந்தக் கறைக்குக் கீழ ஒரு வாளிய வச்சிட்டுக் கேளு.