தெர்... உஷார்!

ஜகார்த்தாவில் வேலை கிடைத்திருக்கிறது. யார் மனமும் புண்படாமல் ஒப்பிட்டுப் பேச இந்தோனேசிய மொழியில் வழி உண்டா?

தாராளமாக! 'லெபிஹ்' என்றால் கூடுதல், 'பாலிங்' என்றால் உச்சம், 'குராங்' என்றால் குறைவு. சாப்பாடு வாயில் வைக்க விளங்காவிட்டாலும், நாசூக்கானவர்கள் 'நன்றாக இல்லை' என்று போட்டு உடைக்காமல் 'குராங் ஏனாக்' என்பார்கள். அதாவது, ருசி கொஞ்சம் குறைவு!

'தெர்' விஷயத்தில் மட்டும் உஷார். பெயரடைக்கு முன்னால் ஒட்டினால் அதுவும் உச்சம்தான்: 'தெர்பிந்தார்' என்றால் எல்லோரையும்விடக் கெட்டிக்காரர். வினைச்சொல்லோடு ஒட்டினால் பல நேரம் தன்னையறியாமல் நடந்தது என்று ஆகிவிடும்: 'தெர்திதூர்' என்றால் அசந்து தூங்கிப்போனார். மதியக் கூட்டத்தில் மேலதிகாரி இரண்டாவதாகவே இருந்தாலும், சம்பள உயர்வு வரும்வரை முதலாவதையே சொல்லுங்கள்.