சக்கர முள்ளியல்: இராமநாதபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

முள்ளும் டியூபும் கூடுமிடத்தில் காற்று நீங்கும். இதில் அறிஞரிடையே பிணக்கில்லை. பிணக்கெல்லாம், ஏறிய முள்ளைப் பிடுங்கலாமா கூடாதா என்பதில்தான்.

முதற்கண் வரலாறு. சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-இல். முள் முந்தியது, டியூப் பிந்தியது. ஆகவே முள் நம் சைக்கிளைத் தேடி வந்து குத்துகிறது என்பது காலமுரண். சைக்கிள்தான் வலியப் போய் ஏறியிருக்கிறது.

அடுத்து முள்வகை. நெருஞ்சிக் காய் ஐந்து துண்டாகப் பிளக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானம் பார்க்கும். ஆனால் ஆழம் போதாது, டயர் புதிதென்றால் தப்பலாம். கருவேல முள் அப்படியல்ல. காய்ந்தால் ஆணிதான். மரத்தில் இருக்கும்வரை அது சாது. வேலி அடைக்க வெட்டி இழுத்துப்போன தடத்திலும், கரிமூட்டத்துக்கு விறகேற்றிய டிராக்டர் போன தடத்திலுமே அதன் குணம் தெரியும்.

இனிப் பிணக்கு. உள்ளே விட்டால் மேலும் குத்தும் என்பர் பிடுங்குவோர். முள்ளே ஓட்டைக்குத் தக்கை, விட்டுவைத்தால் கடைத்தெரு வரையாவது வண்டி ஓடும் என்பர் பிடுங்காதோர். இரண்டும் பொருந்தும். என்னை? வழியில் பிடுங்காமையும் கடையில் பிடுங்குதலும் விதி என்க. ஒட்டுப் போட்ட டியூப் அடுத்த தெருவிலேயே காற்றிறங்கினால் சொலுஷனைத் திட்டுவது நம் மரபு. சொலுஷன் நிரபராதி. முள் டயருக்குள் முறிந்து, வெளியே தலைகாட்டாமல் நிற்கிறது. கைதேர்ந்த கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்த கையோடு, உப்புத்தாளைத் தொடுமுன், டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவுவார். 'உஸ்' என்று கையை இழுத்தால் ஆய்வு முடிவு வெளியாகிவிட்டது. பிறகு குறட்டுக்கு வேலை.

தடுப்பு முறைகளுள் தலையாயது பழைய டியூப். வால்வுப் பகுதியை வெட்டியெறிந்து, நெடுகக் கிழித்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவே மெத்தையாக விரிப்பது. நெருஞ்சி இதற்கு அடங்கும். கருவேல் பாதி நாள் அடங்கும். மிதிப்பவருக்கு மூச்சு வாங்கும். காற்றைக் குறைத்தால் முள் ஏறாது என்பாரும் உளர். அவர்கள் ஒரு கல்லில் மோதியதும் ரிம்மே டியூபைக் கடித்து, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை போடும். கெட்டி ரப்பர் டயர் மாட்டினால் எந்த முள்ளும் செல்லாதுதான். ஆனால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் பதிவாகும். டன்லப் எதற்காகப் பாடுபட்டார் என்பது அப்போது விளங்கும்.

பின்சக்கரமே அதிகம் பஞ்சராவது ஏன் என்பது இன்னும் தீராத வழக்கு. படுத்திருக்கும் முள்ளை முன்சக்கரம் நிமிர்த்திவிட்டுப் போகிறது என்பது ஒரு கொள்கை. கேரியரில் இருப்பவரின் எடையே காரணம் என்பது மற்றொன்று. கேரியரில் இருப்பவர்கள் முதற்கொள்கையையே ஆதரிக்கிறார்கள்.