அட்டை யாப்பிலக்கணம்

பாயிரம்

யாப்பு என்றால் கட்டு. யாத்தல் என்றால் கட்டுதல். கடைக்காரர் ‘பைண்டர்’ என்று எடுத்துத் தரும் பொருளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம்மிடம் ஒரு சொல் இருந்திருக்கிறது. புலவர்கள்தான் அதைச் செய்யுளுக்கு மட்டும் பட்டா போட்டுக்கொண்டார்கள். அமிதசாகரர் தம் யாப்பருங்கலக் காரிகையை உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்றாகப் பகுத்தார். சேகரிப்பு அட்டைகளுக்கு மலிவாக ஒரு பைண்டர் வாங்கவும் அம்மூன்றே போதும் என்று நிறுவ வந்தது இந்நூல்.

பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்ப. சுருங்கச் சொல்வோம். எல்லை: வடக்கே பாரிமுனை ஆண்டர்சன் தெரு, தெற்கே தாம்பரத்தில் என் அக்கா வீட்டுப் பரண். கேட்போர்: சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் உள்ளோரும், அதில் பாதியை மீதியாக வீட்டில் ஒப்படைக்க வேண்டியோரும். பயன்: அட்டை வளையாமை, ஒட்டாமை, விழாமை.

நூல் எழுந்த காரணம் அக்கா மகன். சிங்கப்பூரில் வளர்ந்த அவனுடைய சித்தப்பா, தம் பள்ளிக்காலத்துப் போகிமான் அட்டைகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஆங்கிலத்தில் 1999 ஜனவரியில் வெளிவந்த முதல் தொகுதி அது; முழுத் தொகுதிக்கு 102 அட்டை, டப்பாவில் இருந்தது முக்கால்வாசி. நான் பெருமையோடு ஒரு பளபளப்பான ஃபைல் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கோடை கழிந்தது. “மாமா, ஒட்டிக்கிச்சு” என்றான். அந்த இரண்டு சொல்லே இந்நூலுக்கு முதனூல்.

உறுப்பியல்

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்பு ஆறு.

எழுத்தாவது அட்டை. அது குறில், நெடில் என இருவகைப்படும். 59க்கு 86 மில்லிமீட்டர் அளவுள்ள யூகியோ அட்டை குறில். 63க்கு 88 அளவுள்ள போகிமானும் மேஜிக்கும் நெடில். இரண்டரைக்கு மூன்றரை அங்குலமான அமெரிக்க பேஸ்பால் அட்டையும் ஏறக்குறைய அதே நெடில்தான். நெடிலின் பையில் குறில் நீந்தும். குறிலின் பையில் நெடில் நுழையாது, வற்புறுத்தினால் மூலை மடியும். அளபெடை என ஒன்றும் உண்டு. ஆட்டக்காரரின் சட்டைத் துணித்துண்டை உள்ளே பதித்த தடித்த அட்டை அது. அளபெடையைச் சாதாரணப் பைக்குள் திணித்தால் பையின் ஒட்டு விடும்.

அட்டை உயிர் என்றால், அதைப் போர்த்தும் மெல்லிய ஸ்லீவ் மெய். இரண்டும் கூடியது உயிர்மெய். உயிர்மெய் 66க்கு 91 வரை வளரும். ஆகவே பையின் அளவை வெறும் அட்டையால் அளக்காமல் ஸ்லீவ் போட்ட அட்டையால் அளக்க. மெய்யில்லாமல் உயிரை நேரே பையில் விட்டால் என்ன எனின், எடுக்கும்போதும் வைக்கும்போதும் பையின் வாய் அட்டையின் விளிம்பைத் தேய்க்கும். விளிம்பு வெளுக்கும், விலை கறுக்கும்.

அசையாவது பை. வாய் மேலே இருப்பது நேர். வாய் பக்கவாட்டில் முதுகு நோக்கி இருப்பது நிரை. நேரசையில் அட்டை சுலபமாக இறங்கும். புத்தகத்தைத் தலைகீழாகத் தூக்கினால் அதைவிடச் சுலபமாக இறங்கும். நிரையசைக்குப் புத்தகத்தின் முதுகே காவல். பையனிடம் கொடுப்பதாயின் நிரையே கொள்க. அசை என்று பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது அசையக் கூடாது என்பது விதி.

சீராவது ஒரு வரிசைப் பைகள். வரிசைக்கு இரண்டு எனில் ஈரசைச்சீர், தாளின் ஒரு முகத்துக்கு நான்கு அட்டை. மூன்று எனில் மூவசைச்சீர், முகத்துக்கு ஒன்பது. நான்கு எனில் நாலசைச்சீர், முகத்துக்குப் பன்னிரண்டு. ஈரசை சட்டென்று நிறையும், பையிலும் அடங்கும். நாலசை அகன்று தொங்கும். மூவசையே எங்கும் கிடைப்பது, ஆகையால் விலையும் அதில்தான் படியும்.

தளையாவது வளையம். இவ்வுறுப்பில் சற்றுத் தங்க வேண்டும், ஏனெனில் ஏமாறுவோர் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வளையக் கோப்பை 1886இல் உருவாக்கியவர் ஜெர்மனியின் போன் நகரத்து ஃப்ரீட்ரிக் சோனெக்கன். அவர் கட்ட நினைத்தது கடிதங்களை. கடிதம் வட்டத்தில் வளைந்து கிடந்தாலும் செய்தி மாறாது. அட்டை வளைந்தால் எல்லாம் மாறும். வட்டத் தளையில் முதல் தாள்களும் கடைசித் தாள்களும் வளையத்தின் முதுகில் ஏறிப் படுக்கும். மூடி அழுத்தும்போது வளையம் அட்டையில் பல் பதிக்கும். மூன்று வளையக் கோப்பில் நடு வளையம் நடு வரிசைக்கு நேரே வரும். முதல் முகத்தில் நடு வரிசையின் முதற்பை, எண்ணிப் பார்த்தால், நான்காம் பை. டப்பாவில் வந்த போகிமான் தொகுதியில் நான்காம் எண் யாருக்கு உரியது? சாரிசார்டுக்கு. தொகுதியிலேயே எல்லோரும் ஏங்கும் அட்டையைக் கொண்டுபோய் வளையத்தின் வாயில் வைக்கிறது வட்டத் தளை. ‘D’ வடிவத் தளையில் தாள்கள் நேரான காலில் அடுக்காக நிற்கும், முதுகேறாது. சில ரூபாய் கூடினாலும் ‘D’ தளையே கொள்க.

அடுத்தது துளை. அமெரிக்கத் தாளுக்குத் துளை மூன்று, ஒன்றுக்கொன்று நாலேகால் அங்குலம். நம் ஊர் ஃபைலுக்குத் துளை இரண்டு, இடைவெளி 80 மில்லிமீட்டர். இணையத்தில் தாளை மட்டும் மலிவாக வாங்கிக்கொண்டு, ஃபைலை இங்கே வாங்கலாம் என்று கணக்குப் போட்டு நானும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “மூணு ஓட்டையா? நம்ம ஊர்ல யாரு சார் மூணு போடுறா?” என்றார். பதினொரு துளையிட்ட தாள் உண்டு. அது இரண்டு, மூன்று, நான்கு வளையம் எதிலும் கோத்துக்கொள்ளும். அதைக் கேட்டு வாங்குக. இன்னொரு சிக்கல் அகலம். ஸ்லீவ் போட்ட மூன்று அட்டைக்கே 198 மில்லிமீட்டர் போய்விடும். ஒட்டும் துளை ஓரமும் சேர்ந்தால் ஏ4 தாளின் 210ஐத் தாண்டும். ஏ4 அளவுக்கு ஒட்டித் தைத்த ஃபைலில் தாளின் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும்.

வளையத்தின் இரு முனையும் சரியாகச் சேராமல் இடுக்கு விட்டிருந்தால், புரட்டும்போதெல்லாம் தாள் அதில் சிக்கும். இதைத்தான் முன்னோர் தளை தட்டுதல் என்றனர். கடையிலேயே நான்கு முறை திறந்து மூடி, விரல் நகத்தால் மூட்டைத் தடவிப் பார்த்து வாங்குக.

அடியாவது பைகள் அமைந்த தாள். என் அக்கா மகனின் அழுகைக்குக் காரணம் இதுவே. வளையும் பிவிசி இயல்பில் வளைவதன்று. நெகிழ்ப்பொருள் சேர்த்து வளைய வைக்கிறார்கள். அது நாளடைவில் கசியும். வெயிலில் இன்னும் வேகமாகக் கசியும். கசிந்தது அட்டையின் அச்சைப் பிடித்து இழுக்கும். பழைய கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகம் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிடுவதைப் பார்த்தவருக்கு மேலும் விளக்க வேண்டாம். பாலிப்ரொப்பிலீனுக்கு இக்குற்றம் இல்லை. ‘பிவிசி இல்லை, அமிலம் இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க. அச்சே இல்லையெனில் மூக்கால் படிக்க. திறந்தவுடன் புது மழைக்கோட்டு வாசனை குப்பென்று வந்தால் அது பிவிசி என ஐயுறுக. தாளே பசையாக இருந்து மேலே படலம் மூடும் பழைய போட்டோ ஆல்பத்தை இவ்விலக்கணம் ஏட்டிலும் சேர்க்காது.

தொடையாவது மேலுறை. ஜிப், எலாஸ்டிக் பட்டை, மெத்தென்ற அட்டை, மேலே பிகாச்சு படம் என்பன அதன் வகை. ஜிப் இருந்தால் தூசியும் ராமபாணப் பூச்சியும் வெளியே நிற்கும். பட்டை இறுகினால் நடுத்தாள் அழுந்தும். பிகாச்சுவால் அட்டைக்கு யாதொரு பயனும் இல்லை, விலைக்கு உண்டு.

செய்யுளியல்

பா நான்கு.

வெண்பாவாவது, தாள்களை முதுகோடு சேர்த்தே தைத்துவிட்ட பைண்டர். பிற தளை புகுதல் இதில் இல்லை. வளையமே இல்லாததால் பல் பதிவதும் இல்லை. பெரும்பாலும் நிரையசையும் மூவசைச்சீரும் கொண்டு வரும். 20 தாள், தாளுக்கு இரு முகம், முகத்துக்கு ஒன்பது, ஆக 360. ஒரு தாள் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கறார் அதிகம், காவலும் அதிகம்.

ஆசிரியப்பாவாவது, ‘D’ வளையக் கோப்பு. வேண்டிய தாளைச் சேர்க்கலாம், கழிக்கலாம், இடம் மாற்றலாம். சேகரிப்பு எங்கே போய் நிற்கும் என்று தெரியாதவருக்கு உரியது. ஆனால் அகவிக்கொண்டே போகும் சுபாவம் உள்ளது. இன்னொரு தாள், இன்னொரு தாள் என்று முதுகு வெடிக்கும் வரை ஏற்றுவார்கள். அட்டையின் கனம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். முதுகோடு முதுகாக இரண்டு வைத்த 20 தாளுக்கு அட்டை மட்டுமே 12 மில்லிமீட்டர். ஸ்லீவும் தாளும் அதற்கு மேல். ஓரங்குல முதுகில் அறுபது தாள் ஏற்றுபவன் செய்வது வன்முறை.

கலிப்பாவாவது, அலுவலக அலமாரிகளில் நிற்கும் பாக்ஸ் ஃபைல். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று கலிப்பாவுக்குப் பல உறுப்பு இருப்பதுபோல் இதற்கும் நெம்புகோல், அழுத்துத் தகடு, முதுகில் விரல் ஓட்டை, பெயர்ச்சீட்டு எனப் பல உறுப்பு. ஓசை துள்ளல், நெம்புகோலை விடுவித்தால் தாள் துள்ளும், சமயத்தில் விரலும் துள்ளும். அகலம் தாராளம், விலை மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரண்டே தளையில் தொங்குவதால் தாளின் மேல்மூலையும் கீழ்மூலையும் சரியும். எடுத்துப் புரட்டாமல் பரணில் கிடக்கும் அட்டைக்கு இது பொருந்தும்.

வஞ்சிப்பாவாவது, அட்டைக்கென்று செய்யப்படாமல் அட்டைக்கென்று வாங்கப்படுவன. ஓசை தூங்கல், எல்லாம் தொங்கும். நாலுக்கு ஆறு அங்குலப் போட்டோ ஆல்பத்தில் அட்டை இங்கும் அங்கும் உருண்டு உரசும். விசிட்டிங் கார்டு ஆல்பத்தில் பை இரண்டு அங்குலமே, ஆகவே நுழையவே நுழையாது. மதிப்பெண் பட்டியல் வைக்கும் டிஸ்ப்ளே ஃபைலில் முப்பது அட்டை ஒரே பையின் அடியில் குவியலாக உட்காரும். நான் முதலில் வாங்கியது வஞ்சிப்பா. வஞ்சித்தது.

வெண்பாவும் ஆசிரியமும் மயங்கி வருவது மருட்பா: வெளியே ஜிப் உறை, உள்ளே ‘D’ வளையம். குணம் இரண்டும் உண்டு. விலையும் இரண்டும் உண்டு.

ஒழிபியல்

மலிவு யாது எனின், மேலே ஒட்டிய விலையன்று. அந்த விலையைப் பைகளின் எண்ணால் வகுத்து வருவதே மலிவு. 540 ரூபாய்க்கு 360 அட்டை கொள்ளும் மூவசைப் பைண்டர் என்று வைத்துக்கொண்டால் பைக்கு ஒன்றரை ரூபாய். 300 ரூபாய்க்கு 160 கொள்ளும் ஈரசை என்று வைத்துக்கொண்டால் பைக்கு ஒன்றே முக்காலுக்கு மேல். முன்னது விலை கூடியது, பின்னது செலவு கூடியது.

செலவின் வரிசை வேறு. காசு அட்டைக்கு எவ்வளவு நெருக்கத்தில் செலவாகிறதோ அவ்வளவு பயன் தரும். முதலில் மெய், பிறகு பை, பிறகு தளை, கடைசியில் மேலுறை. கடைகள் இந்த வரிசையைத் தலைகீழாக அடுக்கி வைத்திருக்கின்றன, ஏனெனில் அலமாரியில் தெரிவது மேலுறைதான். நானும் தலைகீழாகத்தான் வாங்கினேன்.

தனிச்சொல்லாவது, பைண்டரிலேயே வைக்கக் கூடாத விலையுயர்ந்த அட்டை. அதற்குத் தனியே கடின பிளாஸ்டிக் உறை கொள்க. கூனாவது, ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள். பழைய பிஸ்கட் டப்பாவே அவற்றுக்குப் போதும். பைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து அவற்றைக் குடிவைக்க வேண்டாம்.

மழைக்காலத்துக்கு விதி வேறு. மினுங்கும் அட்டையின் முகத்தில் படலம், உள்ளே காகிதம். ஈரத்தில் காகிதம் விரியும், படலம் விரியாது. அட்டை வில்லாக வளையும். ஐப்பசி பிறக்குமுன் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து அலமாரியில் பைண்டருக்குப் பக்கத்தில் வைக்க. பைண்டரை நிமிர்த்தி வைக்க. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது மேலே உள்ளதற்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லும்.

இனி எடுத்துக்காட்டு. இவ்விலக்கணம் கண்டபின் மாமனும் மருமகனும் போய் ஒரு வெண்பா வாங்கினோம். கறுப்பு உறை, படமில்லை. ஒட்டியவற்றில் பிழைத்தவற்றுக்கு மெய் போட்டான். எண் வரிசைப்படி வைத்தான். தொகுதியில் முதல் பதினாறு எண்ணும் மினுங்கும் அட்டைகள். ஆகவே முதல் முகம் ஏறக்குறைய வெறுமை: ஆரம்ப ஆட்டக்காரருக்கான பெட்டியோடு வந்த மச்சாம்ப் மட்டும் எட்டாம் பையில் தனியே நின்றது. நான்காம் பை காலி. “வேற எதையாவது அதுல வைக்கலாமே” என்றேன். “அது சாரிசார்டோட இடம் மாமா” என்றான்.

கடைசிக்கு வந்தோம். 102 அட்டை, முகத்துக்கு ஒன்பது வீதம் பதினொரு முகத்தில் 99. மீதி மூன்று: மின்னல், மனோசக்தி, நீர். எல்லாரிடமும் உள்ள எளிய எனர்ஜி அட்டைகள். பன்னிரண்டாம் முகத்தில் மேல் வரிசையில் அம்மூன்றும் அமர்ந்தன, கீழே வெற்றிடம். பையனுக்கு முகம் வாடியது, பாதியில் நின்றதுபோல் இருக்கிறதாம். வெண்பாவின் ஈற்றடி முச்சீர்தானடா, அதுதான் முறை என்றேன். அப்புறம் எப்படி முடியும் என்று கேட்டான். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடியும் என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்லீவுக்கும் பைண்டருக்கும் பேருந்துக்கும் போக, எங்களுடையது காசில் முடிந்திருந்தது.