கொம்பு முளைத்த ஒயின்

ஒரே ஒரு பாட்டில் ஒயினுக்கு உங்கள் ஒரு வருடச் சம்பளத்தைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் பிரான்ஸின் பர்கண்டி பிரதேசத்தில், உலகமே கும்பிடும் ரொமானே-கொன்ட்டி தோட்டத்துக்காரர். "அப்படி என்னய்யா இதில் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று நீங்கள் எகிறினால், அவர் சிரிக்காமல் "ஆமாம்" என்று சொல்லலாம். நிஜமாகவே கொம்புதான். மாட்டுக் கொம்பு. உள்ளே சாணி.

இந்த வித்தைக்கு பயோடைனமிக் விவசாயம் என்று பெயர். ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் தொடாதே என்பதோடு ஆர்கானிக்காரர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். இவர்கள் அங்கேதான் கடையைத் திறப்பார்கள். நிலா எந்த ராசியில், சாணி எந்தக் கொம்பில், கொம்பு எத்தனை மாதம் மண்ணில் என்று பட்டியல் நீளும். இதைக் கண்டுபிடித்தவர் விவசாயி அல்ல. ஒயின் குடிப்பவரும் அல்ல.

ருடால்ஃப் ஸ்டைனர், ஆஸ்திரியர். அப்பா ரயில்வே ஊழியர். மகன் தத்துவம் படித்தார், ஜெர்மானியக் கவிஞர் கதேயின் அறிவியல் எழுத்துகளைப் பதிப்பித்தார், ஆன்மிக இயக்கம் நடத்தினார், நாடகம் எழுதினார், கட்டடம் வடிவமைத்தார், மருத்துவம் சொன்னார். இன்று உலகம் முழுக்க வால்டார்ஃப் பள்ளிகள் இருக்கின்றனவே, அதில் முதலாவது 1919-இல் ஸ்டுட்கார்ட் நகரத்து சிகரெட் ஃபாக்டரித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இவர் ஆரம்பித்ததுதான். மனிதர் கைவைக்காமல் விட்டுவைத்திருந்தது விவசாயம் ஒன்றைத்தான். அதுவும் ரொம்ப நாள் தப்பவில்லை.

உமக்கென்ன ஐயா விவசாயம் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவருக்கே உள்ளூர ஒரு உதறல் இருந்திருக்க வேண்டும். நான் கிராமத்து ஜனங்களோடு வளர்ந்தவன், உருளைக்கிழங்கு நட்டிருக்கிறேன், பன்றி வளர்ப்பில் ஒத்தாசை செய்திருக்கிறேன் என்று தானாகவே முன்வந்து சொல்லிவைத்தார். இதை நம்பித்தான் பின்னாளில் பிரான்ஸின் ஒயின் ஜமீன்கள் அவர் பின்னால் போயின.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவராக வந்து மாட்டவில்லை. சைலீசியாவில், இன்றைய போலந்தில், கோபர்விட்ஸ் என்ற ஊர்ப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தவர் கார்ல் ஃபான் கைசர்லிங்க் பிரபு. மண்ணில் சத்து போய்விட்டது, விதை சோடை போகிறது, வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஸ்டைனரைக் கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தார். ஸ்டைனரிடம் தேதி இல்லை. கடைசியில் பிரபு தன் உறவுக்காரப் பையனை ஸ்டைனர் இருந்த ஸ்விட்சர்லாந்துக்கு ரயிலேற்றிவிட்டார். ஒரே உத்தரவு: தேதி வாங்காமல் அவர் வாசலைவிட்டு நகராதே. பையன் உட்கார்ந்தான். தேதி கிடைத்தது. அதாவது, இந்த மாபெரும் ஆன்மிக விவசாயத்தின் முதல் அறுவடை ஒரு தர்ணா.

1924 ஜூன் மாதம், பத்து நாள், எட்டுச் சொற்பொழிவு, நூறு பேருக்கு மேல் கூட்டம். பசுவின் கொம்பில் சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்துவை. (நம்மூர் இயற்கை விவசாயிகள் 'கொம்பு சாண உரம்' என்று சொல்கிறார்களே, அதன் பூர்வீகம் இதுதான்.) பிறகு அதை எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கு. சுழல் விழுந்ததும் சட்டென்று எதிர்த்திசையில் கலக்கு. 'யாரோ' என்கிற செடியின் பூவை ஆண்மானின் மூத்திரப்பையில் அடை. சாமந்தி மாதிரி இருக்கும் கெமமைல் பூவை மாட்டுக் குடலில் திணி. ஓக் மரப்பட்டையை வீட்டு மிருகத்தின் மண்டையோட்டில் வை. இவ்வளவும் கேட்டபிறகு பேய் ஓட்டுகிற மந்திரவாதி கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்திருப்பார், தன்னைக் காப்பியடிக்கிறார்கள் என்று.

வயலில் எலித் தொல்லையா? அதற்கும் வழி இருந்தது. ஓர் இளம் எலியைப் பிடித்துத் தோலை உரித்து, சுக்கிரன் விருச்சிகத்தில் இருக்கும் நேரம் பார்த்து எரித்து, அந்தச் சாம்பலை வயலில் தூவ வேண்டும். எலியைப் பிடிக்கத் தெரிந்தவன் எதற்காக சுக்கிரனுக்குக் காத்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் மணிக்கணக்கில் கலக்குவதைப் பற்றிக் கேட்டார்கள். கை வலி யாருக்கும் பொது அல்லவா? மெஷின் வைக்கலாமா என்றார்கள். ஸ்டைனருக்கு மெஷின் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளை வரவழைத்துக் கலக்கவிடுங்கள் என்கிற மாதிரி யோசனை சொன்னார். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் ஞாயிறு விருந்துக்கு "உடம்பு சரியில்லை" என்று சொல்லியனுப்பினார்களோ!

நான் மிகவும் ரசிப்பது முதல் கொம்பைத் தோண்டிய கதையை. ஸ்டைனரின் சீடர்கள் ஏரன்ஃப்ரீட் ஃபைஃபரும் குந்தர் வாக்ஸ்முத்தும் ஸ்விட்சர்லாந்தின் ஆர்லெஸ்ஹைமில் ஒரு தோட்டத்தில் சோதனைக்காக முன்பே கொம்புகளைப் புதைத்திருந்தார்கள். 1924-இன் கோடைத் தொடக்கத்தில், வெயிலடிக்கும் ஒரு பிற்பகல், குருநாதர் நேரில் வந்து நிற்க, தோண்ட ஆரம்பித்தார்கள். கொம்பைக் காணோம். பிரபஞ்ச சக்திகளின் போக்குவரத்தையெல்லாம் குறித்துவைத்தவர்கள், புதைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவைக்க மறந்துவிட்டார்கள்! தோண்டினார்கள், தோண்டினார்கள், வியர்வை கொட்டத் தோண்டினார்கள். குருநாதருக்கு ஐந்து மணிக்கு வேறு வேலை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அந்தக் கணத்தில் மண்வெட்டி 'ணங்' என்றது.

ஸ்டைனர் திரும்பி வந்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கலக்குவதற்குக் கோல்? யாரும் கொண்டுவரவில்லை. ஃபைஃபரின் கைத்தடியைப் பிடுங்கிக் கலக்கிக் காட்டினார். பின்னாளில் என்ன மரத்துத் துடைப்பம், என்ன பாத்திரம், எந்த நேரம் என்று பக்தர்கள் பயபக்தியோடு விவாதித்தார்கள். மூலவரே பக்கத்து ஆளின் ஊன்றுகோலை வைத்துச் சமாளித்தவர்தான்.

சரி, ஒயின்? ஸ்டைனர் மதுவைத் தொடமாட்டார். கொள்கையே வைத்திருந்தார். பழங்காலத்தில் மதுவுக்கு ஒரு வேலை இருந்ததாம். மனிதனை ஆன்மிக உலகத்திலிருந்து பிரித்து, அவனுக்கு 'நான்' என்கிற தனி உணர்வைக் கொடுப்பது. அந்த வேலை முடிந்தது. இனி மது ஆன்ம வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. இப்படிச் சொல்லிவிட்டு 1925 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். இன்று அவர் பெயரை ஊரறிய உச்சரிப்பவர்கள் ஒயின்காரர்கள்! காந்தி படம் போட்ட நோட்டை டாஸ்மாக் கவுண்டரில் நீட்டுகிற நமக்கு இதில் அதிர்ச்சி அடைய அருகதை இல்லை.

மலைச்சரிவுக்குப் போவோம். பிரான்ஸின் லுவார் நதிக்கரையில், சவனியேர் என்ற ஊரில், கூலே த செரான் என்று ஒரு தோட்டம். ஏழு ஹெக்டேர், அதாவது பதினேழு ஏக்கர் சொச்சம். சில இடங்களில் குதிரை வைத்துத்தான் உழ முடியும், அவ்வளவு செங்குத்து. 1130 வாக்கில் சிஸ்டெர்சியன் துறவிகள் திராட்சை நட்ட நிலம். (உலகத்தைத் துறந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களைப் பாருங்கள், ஐரோப்பாவின் நல்ல திராட்சை மண் பலவும் அவர்கள் வசம்தான் இருந்தன.) பதினான்காம் லூயி இந்த ஒயினைத் தேடி வந்தபோது சாரட்டு சேற்றில் மாட்டிக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. சூரிய ராஜா என்று பட்டம், ஆனால் ரோடு காயவில்லை.

இந்தத் தோட்டத்துக்கு 1977-இல் திரும்பி வந்த பிள்ளை நிக்கோலா ஜோலி. அதுவரை ஜே.பி. மார்கன் வங்கியில், நியூயார்க்கிலும் லண்டனிலும் கோட் சூட். நம்மூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தேன் என்று பேட்டி கொடுக்கிற அத்தனை பேருக்கும் பாட்டனார். வந்த புதிதில் வேளாண் ஆலோசகர் ஒருவர் வந்தார். உங்கள் அம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், ஆனால் எல்லாம் பழைய பஞ்சாங்கம், களைக்கொல்லி அடித்தால் எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பேங்கரிடம் மிச்சம் என்று சொன்னால் முடிந்தது கதை. அடித்தார்.

இரண்டு வருடத்தில் மண்ணின் நிறமே மாறிவிட்டது. செடிமேல் ஊரும் சிவப்புப் பொறிவண்டுகளைக் காணோம், கௌதாரிகளைக் காணோம். மனிதர் கலங்கிப்போனார். அந்தச் சமயத்தில் பயோடைனமிக் பற்றிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. 1980-இல் சின்னதாகச் சோதனை, 1984-க்குள் தோட்டம் முழுக்கக் கொம்பு. விசிட்டிங் கார்டில் 'இயற்கையின் உதவியாளர்' என்று போட்டுக்கொண்டார், ஒயின் தயாரிப்பவர் அல்ல என்கிற குறிப்போடு. அடக்கம்தான். ஆனால் எவ்வளவு அடக்கம் என்பதை கார்டு அடித்து விநியோகிக்கிற அடக்கம்.

இந்தத் தரப்பை மட்டும் கிண்டல் செய்தால் தர்மமில்லை. எதிர்த்தரப்பு வண்டவாளத்தையும் பார்த்துவிடுவோம். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்ஸெரா என்ற பொடிப் பூச்சி பிரான்ஸின் திராட்சை வேர்களைக் காலி செய்தது. அரசாங்கம் மூன்று லட்சம் ஃபிராங்க் பரிசு அறிவித்தது. யோசனைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைப்பது அதில் ஒன்று. கடைசியில் பிழைத்தது அமெரிக்க வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி. லெயோ லாலிமான் என்பவர் பரிசைக் கேட்டார். நீர் நோயைக் குணப்படுத்தவில்லை, வராமல்தான் தடுத்தீர் என்று சொல்லி அரசாங்கம் கையை விரித்துவிட்டது. போதாக்குறைக்கு, அந்தப் பூச்சியைக் கூட்டிவந்ததே இவர்தானோ என்றும் ஒரு முணுமுணுப்பு!

அடுத்த தலைவலி, இலையைக் கருக்கும் அடிச்சாம்பல் நோய். 1882-இல் பேராசிரியர் மில்லார்டே போர்டோ பக்கம் ஒரு தோட்டத்தைத் தாண்டிப் போனார். எல்லாக் கொடியும் மொட்டை, சாலையோர வரிசை மட்டும் பச்சை. விசாரித்தால் காரணம் விஞ்ஞானமே இல்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் பழம் திருடுகிறான் என்று, பார்க்கவே விஷம் மாதிரி தெரியட்டுமென மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவைத்திருந்தார்கள். நம் வேளாண் அதிகாரிகள் இன்றும் சிபாரிசு செய்கிற போர்டோ கலவை பிறந்தது இப்படித்தான். ஆர்கானிக் தோட்டங்களுக்கும் அதிலுள்ள தாமிரம்தான் கதி. ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவைத் தாண்டாதே என்று ஐரோப்பிய யூனியன் வரம்பு கட்டியிருக்கிறது. அந்தத் திராட்சைத் திருடர்களுக்கு ஒரு சிலைகூட வைக்கவில்லை.

பயோடைனமிக்காரர்களுக்கு ஒரு காலண்டரும் உண்டு. மரியா தூன் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1960-களில் வெளியிட ஆரம்பித்தது. வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள். நம் வீட்டு தினசரி காலண்டரில் கீழ்நோக்கு நாள், மேல்நோக்கு நாள் பார்த்து வளர்ந்த நமக்கு இது தாய் வீட்டுக்குப் போன மாதிரி. தோட்டத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கனி நாளில் குடித்தால் ஒயின் ருசிக்கும், வேர் நாளில் சப்பென்று இருக்கும் என்றார்கள். டெஸ்கோ, மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் போன்ற பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளே பத்திரிகையாளர்களுக்கு ஒயின் ருசி காட்ட நாள் பார்த்ததாக 2009-இல் செய்தி வந்தது. நியூசிலாந்தில் கண்ணை மூடிச் சோதித்தார்கள். 19 நிபுணர்கள், 12 பினோ நுவார் ஒயின்கள், இரண்டு வகை நாளும். 2017-இல் முடிவு வந்தது: வித்தியாசம் பூஜ்யம். காலண்டர் விற்பனை நிற்கவில்லை.

கொம்பும் தப்பவில்லை. ஜெர்மனியின் கைசன்ஹைமில் 2006 முதல் ஒரே தோட்டத்தைப் பிரித்து ரசாயனம், ஆர்கானிக், பயோடைனமிக் என்று வளர்த்துப் பார்க்கிறார்கள். ரசாயனத்துக்கும் மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் அந்த இரண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள்.

அப்புறம் ஏன் பெரிய தலைகள் இதில் விழுகின்றன? பர்கண்டியில் லாலு பீஸ்-லெருவா அம்மையார் 1988-இல் பயோடைனமிக்குக்கு மாறினார். 1993-இல் பூஞ்சை நோய் வந்து விளைச்சலைச் சுருட்டிக்கொண்டு போனது. ஊர் சிரித்தது. அம்மையார் அசரவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் ரொமானே-கொன்ட்டியின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து வேறு விவகாரத்தில் அவரை வெளியே அனுப்பியிருந்தார்கள். அதே ரொமானே-கொன்ட்டி 2007-இல் முழுத் தோட்டத்தையும் பயோடைனமிக் ஆக்கிக்கொண்டது. ஆளைத்தான் அனுப்பினார்கள், அவருடைய கொம்பை உள்ளே விட்டுவிட்டார்கள்.

என் சந்தேகம் இதுதான். சாணிக்கொம்பை நம்புகிறவன் விடியற்காலையில் வாளியோடு சரிவில் ஏறியே தீரவேண்டும். ஏறினால் இலையைப் பார்ப்பான், புழுவைப் பார்ப்பான், மண்ணைக் கிளறுவான். முதலாளி தினமும் தோட்டத்தில் நின்றால் திராட்சை ஒழுங்காக வரத்தானே செய்யும்? இதை நேரடியாகச் சொன்னால் எந்த முதலாளி கேட்பார்? சனி கிரகத்தைச் சாட்சிக்கு இழுத்தால் கேட்கிறார்.

ஜோலியின் ஒயினைக் குடித்த எல்லோரும் சொக்கிப் போவதில்லை. சிலருக்குத் தேவாமிர்தம். சிலருக்கோ நறுக்கிவைத்து நிறம் மாறிய ஆப்பிளின் வாசம். அவசரப்படாதே என்பது அவருடைய அறிவுரை. குடிக்க ஒரு நாள் முன்னதாகவே பாட்டிலைத் திறந்து ஜாடியில் ஊற்றிவை, நாள்பட மெருகேறும் என்கிறார். ஆகவே பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பாட்டில் இன்று பிடிக்கவில்லையா? நாளை குடித்துப் பாருங்கள். நாளையும் பிடிக்கவில்லையென்றால் நாளன்றைக்கு. அதற்குள் பாட்டில் காலியாகிவிடும், புகார் கொடுக்கக் கையில் சரக்கு இருக்காது.