வேரைப் பார், மோனை

என்ன மோனை, கையில போத்தலோடை எங்கை ஓட்டம்? குப்பைமேட்டிலயிருந்து வடியிற தண்ணியில நஞ்சு இருக்கோ எண்டு பாக்க மிசின் வேணுமாமோ? மிசின் வர முந்தி ஊரில ஒருத்தரும் தண்ணி பாக்கேல்லையாக்கும்!

உந்தப் படிச்ச ஆக்களே கடைசியில விதையிட்டைத்தான் போய் நிண்டவை. 1981இல இத்தாலியில சுக்கோனி எண்டவரும் கூட்டாளியளும் குப்பைப் பசளை பயிருக்கு ஆகுமோ எண்டு அதின்ரை சாறில கீரைவிதை போட்டுப் பாத்தவை. இப்ப குப்பைமேட்டுத் தண்ணிக்கும் அதே வேலைதான். முள்ளங்கி விதை, சலாது விதை, பயறு.

அக்கராயனில நெல்லை ஊறப்போட்டுச் சாக்கில கட்டி முளை பாக்கிறவனுக்கு இது புதினமோ? ஆனா கம்பஸ்காரரிட்டை ஒரு கெட்டித்தனம் இருக்கு. பக்கத்தில நல்ல தண்ணியிலயும் ஒரு தட்டு வைப்பினம். நாங்கள் முளைக்காட்டிக் கடைக்காரனைத் திட்டுவம். அவை மற்றத் தட்டைப் பாப்பினம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் எண்டு எனக்குக் கதை விடாதை. உதில முளை பொய் சொல்லும். விதை கட்டுச்சோத்தோடை வந்த விருந்தாளியடா, வீட்டுச் சமையல் உடனை பிடிபடாது. மேல்தோலும் காவல் நிக்கும். வேர் வெளியில வந்து தண்ணியில முட்டேக்கைதான் வண்டவாளம் தெரியும்.

கணக்குக் கேள். நல்ல தண்ணியில பத்துப் பயறும் முளைச்சு வேர் 4 சென்ரிமீற்றர் ஓடிச்செண்டு வை. ஊத்தைத் தண்ணியில எட்டு முளைச்சு, வேர் 1 சென்ரிமீற்றர். முளையை மட்டும் எண்ணினால் 80 மார்க்ஸ், திறமான பாஸ். வேர் ஓடினது காவாசிதானே, அதையும் சேர்த்துப் பெருக்கினால் 20. 50க்குக் கீழை போனால் கடும் நஞ்சு எண்டு கணக்கு வைக்கிறவை.

மிசின் அமோனியா இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஈயம் இவ்வளவு எண்டு தனித்தனியாய்ச் சீட்டு எழுதும். எல்லாம் கூடிப் பயிரை என்ன செய்யுமெண்டு விதையிட்டைத்தான் கேக்கவேணும். எந்த நஞ்செண்டு விதைக்குச் சொல்லத் தெரியாது. கிருமியையும் காட்டிக்குடுக்காது. பயறு வளந்த தண்ணிதானே எண்டு வாயில வைச்சிடாதை!

கண்டியில கோஹாகொட குப்பைமேடு மகாவலிக் கரையில கிடக்கு. சாறு ஆத்துக்கு வடியுதெண்டு எத்தினை பேர் ஆராய்ஞ்சு எழுதிப்போட்டினம். (மகாவலித் தண்ணி எங்களுக்கும் வருமெண்டு கேட்டுக் கேட்டு என்ரை மீசை நரைச்சதுதான் மிச்சம்.) ஆறு பெரிசு, கலந்து கரைஞ்சிடும் எண்டு சொல்ல ஆக்களுக்குக் குறைவோ?

உந்தக் கலக்கிற இடத்திலதான் சுத்துமாத்து. குப்பைச் சாறில நைதரசனும் கிடக்கு. நல்லாய்த் தண்ணி விட்டுக் கலந்தால் சில நேரம் வேர் நல்ல தண்ணியில ஓடினதையும் விட நீளமாய் ஓடும். உடனை ஆராவது படம் எடுத்து, கூட்டம் வைச்சு, கழிவுத்தண்ணி பயிருக்கு அமுதமெண்டு திரையில காட்டுவினம். நீயும் முன்வரிசையில இருந்து கைதட்டுவாய்.

தட்ட முந்தி எழும்பி, எத்தினைக்கு எத்தினை கலந்தனீங்கள் ஐயா எண்டு மட்டும் கேள். கலக்காத தட்டின்ரை படத்தையும் காட்டச் சொல்லு. அதோடை தேத்தண்ணி நேரமெண்டு அறிவிப்பினம். றோல்ஸ் சூடாய் இருந்தால் எனக்கும் ரெண்டு கொண்டு வா.